பச்சை விளக்கும் உரையளவையும்

தான் காணாத ஒன்றைப் பிறர் சொல்லக் கேட்டு உண்மையென்று கொள்வது அறிவாகுமா, அல்லது அறிவின் இடத்தில் வந்து அமர்ந்துகொண்ட நம்பிக்கை மட்டுந்தானா என்பது இந்தியத் தத்துவ மரபில் தீராமல் நடந்துவரும் வழக்கு. அறிவு பிறக்கும் வாயில்களைத் தமிழ் நூல்கள் அளவை என்று வழங்கும். வடமொழியார் பிரமாணம் என்பர். மணிமேகலையின் ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’யில், வேதவியாசர் பத்தும் கிருதகோடி எட்டும் சைமினி ஆறுமாக அளவைகளைக் கொண்டனர் என்ற செய்தி வருகிறது, அதே காப்பியத்தில் அறவண அடிகள் பௌத்த நெறி நின்று காட்சி, கருத்து ஆகிய இரண்டே போதும் என்கிறார். 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியாரோ சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் பத்தையும் எண்ணிக்காட்டி, அவையனைத்தும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றனுள் அடங்கும் என்று முடிக்கிறார். காண்டல் புலன்வழி வரும் நேரறிவு. கருதல் புகை கண்டு நெருப்பை உணர்வது போன்ற அனுமானம். உரை என்பது நம்பத்தக்கோன் சொல், சைவ சித்தாந்திக்கு அது முடிவில் இறைவன் அருளிய ஆகமம். பௌத்தர் தனி அளவையாக ஏற்க மறுத்ததும் சைவர் விடாது பற்றியதும் இந்த மூன்றாவதையே.

இவ்வழக்கை வேதம், ஆகமம் ஆகிய உயர்ந்த சான்றுகளை முன்வைத்தே பேசுவது பழக்கமாகிவிட்டது. அவற்றை நம்பியவர் பெற்ற பயனும் நம்பாதவர் அடைந்த இழப்பும் இவ்வுலகில் அளந்து காட்டக் கூடியன அல்ல என்பதால் வாதம் எளிதில் நிலத்தைவிட்டு எழும்பிவிடுகிறது. உரை மெய்யானால் உயிர் பிழைப்பதும் பொய்யானால் அடுத்த நொடியே உயிர் போவதுமான ஓரிடத்தில் வைத்து இக்கேள்வியைப் பார்க்க விரும்புவோருக்கு, ரயில் பாதையோரத்துச் சிக்னலைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அமைவது அரிது.

பெங்களூரிலிருந்து வரும் பாதை கர்நாடக எல்லையைக் கடந்து ஓசூரை அடைந்து, கெலமங்கலம், இராயக்கோட்டை, மாரண்டஅள்ளி, பாலக்கோடு, தருமபுரி என இறங்கித் தொப்பூர் மலைச்சரிவு வழியாக ஓமலூரையும் சேலத்தையும் சேர்கிறது. ஓசூர் தமிழ்நாட்டு ஊராயினும் அதன் ரயில் நிலையம் ஹுப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்க, சிப்காட் ஆலைகளுக்காக வந்தவர்களின் இந்தியும் உடன் சேர்ந்துகொண்ட இந்த எல்லைப்பகுதியில், எவருக்கும் பொருள் மாறாத ஒரே மொழி தண்டவாளத்தின் ஓரம் எரியும் விளக்கின் மொழிதான். அம்மொழியின் சொற்கள் மிகச் சில. சிவப்பு என்றால் நில். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்பதற்கு ஆயத்தமாகச் செல். இரட்டை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலை மட்டுப்பட்ட வேகத்தில் கடக்கும்படி செல். பச்சை என்றால் தடையின்றிச் செல். நிலையத்தின் வாசலில் நிற்பது ஹோம் சிக்னல். அது என்ன சொல்லப்போகிறது என்பதை முன்கூட்டியே தெரிவிக்க அதற்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர் முன்னால் நிற்பது டிஸ்டன்ட் சிக்னல். ஹோம் சிக்னலில் மஞ்சளோடு சாய்வரிசையில் ஐந்து வெள்ளை விளக்குகளும் எரிந்தால் ரயில் மெயின் லைனை விட்டு லூப் லைன் எனப்படும் கிளைத்தடத்தில் இறங்கப்போகிறது என்று பொருள்.

இந்த இலக்கணத்தை நிலைய அதிகாரிகளும் லோகோ பைலட்டுகளும் முதலில் கற்பது ரயில்வே பயிற்சி நிலையங்களின் மாதிரி அறைகளில். பெரிய மேசைகளின்மேல் சிறு தண்டவாளங்களும் சிறு கைகாட்டிகளும் அமைத்து, ஒரு நிலையம் முழுவதையும் கண்முன் சுருக்கி வைத்திருப்பார்கள். வீட்டில் மாதிரி ரயில் அமைப்போரும் இதையே செய்கின்றனர். 87இல் ஒரு பங்காகச் சுருக்கும் எச்.ஓ. அளவில், டிஸ்டன்ட் சிக்னலுக்கும் ஹோம் சிக்னலுக்கும் இடைப்பட்ட 1,000 மீட்டர் 11½ மீட்டராகும். அவ்வளவு நீளம் எந்த வீட்டுக் கூடத்திலும் இராது என்பதால் இரண்டையும் அடுத்தடுத்து நட்டுவிடுகின்றனர். அப்போது மஞ்சளின் பொருள் தப்பாமல் தெரிகிறது, மஞ்சளின் தேவை தெரிவதில்லை. ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட எடையுடன் முழு வேகத்தில் வரும் ரயில், பிரேக் போட்ட பின்னும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடித்தான் நிற்கும். கண் சிவப்பைக் காணும் தூரத்துக்குள் அது நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. காட்சியின் எல்லை செயலின் தேவைக்குக் குறுகிப்போகும்போதுதான் உரைக்கு இடம் பிறக்கிறது என்ற உண்மை, மேசைமேல் ஓடும் ரயிலில் மறைந்துவிடுகிறது.

மாதிரியில் இன்னொன்றும் தெளிவாகிறது, இது மேலும் முக்கியமானது. பல மாதிரிப் பாதைகளில் சிக்னல் விளக்கு ஒரு தனிச் சுவிட்சால் எரியும். தடம் பிரியும் இடத்திலுள்ள பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் பச்சையை எரிய விடலாம். அத்தகைய விளக்கு அழகாக இருக்கும், ஆனால் எதையும் சொல்லாது. கிருஷ்ணகிரி நகருக்குத் திருப்பத்தூரிலிருந்து 1905இல் குறும்பாதை போடப்பட்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941இல், அது பெயர்த்தெடுக்கப்பட்டது. தண்டவாளம் போன பிறகும் அங்கு ஒரு கைகாட்டி நின்றிருந்தால் அதன் கை ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா என்று எவரும் பார்த்திருக்கமாட்டார்கள். உண்மையான நிலையத்தில் பாயிண்ட் சரியாகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளாதவரை சிக்னல் இறங்க முடியாது, சிக்னல் இறங்கியபின் பாயிண்ட் அசைய முடியாது. இவ்வாறு ஒன்றை மற்றொன்றோடு பிணைக்கும் ஏற்பாட்டுக்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். குறியைக் குறியாக்குவது அதன் நிறமன்று, இந்தப் பிணைப்பே. தருக்க நூலார் புகைக்கும் நெருப்புக்கும் இடையே வியாப்தி, அதாவது பிரியாத உடனிகழ்ச்சி, இருந்தாலன்றி அனுமானம் இல்லை என்றார்கள். புகை விஷயத்தில் அத்தொடர்பை இயற்கை தருகிறது, சிக்னல் விஷயத்தில் மனிதன் இரும்பாலும் மின்கம்பியாலும் அதைச் செய்து காக்க வேண்டியிருக்கிறது.

சிக்னல் சொல்வது செய்தியா கட்டளையா என்பதும் ஆராயத்தக்கது. ஓசூர் ஆலைகளில் எந்திரங்களின் தலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன. அங்கே சிவப்பு ‘எந்திரம் நின்றுவிட்டது’ என்று நடந்ததை அறிவிக்கிறது. ரயில் பாதையில் அதே சிவப்பு ‘நில்’ என்று இனி நடக்க வேண்டியதை விதிக்கிறது. மீமாம்சையில் பிரபாகரர் மரபினர் சொல்லின் உயிர் ஏவலில்தான் என்றும், உள்ளதை வெறுமனே உரைக்கும் வாக்கியம் ஏவலைச் சார்ந்தே பொருள் பெறும் என்றும் கொண்டனர்; வேதாந்திகள் உள்ளதை உரைக்கும் வாக்கியமும் தன்னளவில் பிரமாணமே என்று மறுத்தனர். பச்சை விளக்கில் இவ்விரண்டும் பிரிக்க முடியாமல் சேர்ந்திருக்கின்றன. ‘செல்’ என்ற விதிக்குப் பின்னால் ‘பாதை காலியாக உள்ளது, பாயிண்ட் பூட்டியுள்ளது’ என்ற செய்தி நிற்கிறது. அச்செய்தி பொய்த்தால் விதி கொலைக்கருவியாகிறது. கீழ்ப்படிதலை மட்டும் கேட்டு, தான் கூறும் உலக நிலைக்குப் பொறுப்பேற்காத எந்த விதியும், அது மதத்தின் பேரால் வந்தாலும், பிணைப்பற்ற விளக்கின் நிலையில்தான் இருக்கிறது.

பாதை காலி என்பது இன்மையைப் பற்றிய அறிவு. இல்லாத ஒன்றை எப்படி அறிவது? குமாரிலரின் மீமாம்சை மரபும் அத்வைதமும் இதற்கு அனுபலப்தி என்ற தனி அளவையை வைத்தன: தரையில் குடம் காணப்படாமையே குடமின்மையை அறிவிக்கிறது. சித்தியார் அபாவம் என்ற பெயரில் இதை எண்ணி மூன்றனுள் அடக்கிவிடுகிறது. ஆனால் இருட்டறையில் குடம் தெரியாததால் குடம் இல்லை என்றாகிவிடாது என்பதை உணர்ந்த நூலார், பொருள் இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும் என்ற தகுதி இருந்தால்தான் காணாமை இன்மைக்குச் சான்றாகும் என்று வரம்பு கட்டினர். டிராக் சர்க்யூட் என்ற அமைப்பு இவ்வரம்பை வியப்பூட்டும் நேர்மையோடு கடைப்பிடிக்கிறது. ஒரு துண்டுப் பாதையின் இரு தண்டவாளங்கள் வழியாகவும் மெல்லிய மின்னோட்டம் சென்று மறுமுனையிலுள்ள ரிலேயை இழுத்துப் பிடித்திருக்கும். ரயில் ஏறியதும் அதன் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடுவதால் மின்னோட்டம் ரிலேக்குப் போய்ச் சேராமல் குறுக்கே பாய்ந்துவிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். மின்கலம் தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும், தண்டவாளமே முறிந்தாலும் இதே விளைவுதான். மாறாக, ரயில் வந்தால் மட்டும் மின்னோட்டம் பாயும்படி அமைத்திருந்தால், அறுந்த கம்பி ‘ரயில் இல்லை’ என்று பொய்ச்சான்று சொல்லியிருக்கும். சாட்சி பேச முடியாமல் போனதை ‘ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொள்ளாத ஏற்பாடு இது.

இந்த நெறி எளிதில் வந்ததன்று. இங்கிலாந்தில் அபட்ஸ் ரிப்டன் என்னும் இடத்தில் 1876 ஜனவரி 21 அன்று பனி பொழிந்து உறைந்ததில், கைகாட்டிகள் ‘செல்’ என்ற நிலையிலேயே இறுகிப்போயின. அக்காலத்தில் கைகாட்டியின் இயல்பான நிலையே ‘செல்’ என்பதுதான்; தேவைப்படும்போது மட்டும் ‘நில்’லுக்கு மாற்றினார்கள். நிலைய ஆட்கள் நிறுத்த முயன்றும் விரைவு ரயில் வந்து மோதி உயிர்கள் போயின. அதன்பின் இயல்பான நிலை ‘நில்’ என்று மாறியது. அனுமதி என்பது ஒவ்வொரு முறையும் காரணம் காட்டிப் பெறவேண்டியதாயிற்று. இன்றைய வண்ணவிளக்குச் சிக்னலில் பச்சை அணைந்தால் அது மஞ்சளுக்கும், மஞ்சளும் அணைந்தால் சிவப்புக்கும் தானே இறங்கும். சிவப்பும் அணைந்துவிட்டால் பின்னால் நிற்கும் சிக்னல் சிவப்பாகும். சிக்னல் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாவிட்டாலும், விளக்கு எரியாவிட்டாலும், தெளிவின்றித் தோன்றினாலும், அது காட்டக்கூடியவற்றுள் மிகக் கடுமையான நிலையையே காட்டுவதாகக் கொண்டு நடக்க வேண்டும் என்று இந்திய ரயில்வேயின் பொது விதிகள் லோகோ பைலட்டைப் பணிக்கின்றன. சித்தியார் காட்சியில் நீக்கவேண்டியனவாகச் சொல்லும் ஐயத்தையும் திரிவையும் ரயில்வே முற்றிலும் ஒழித்துவிட முடியாது. ஐயம் பிறந்தால் அது உயிரின் பக்கம் சாய வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது.

இங்கே மரபின் மற்றொரு பெரும்பிணக்கு நினைவுக்கு வருகிறது. ஓர் அறிவு தோன்றும்போதே தன்னளவில் மெய்யாகவே தோன்றுகிறது, அது பொய்யென்று காட்டப்படும்வரை அதற்கு வேறு சான்று தேவையில்லை என்பது மீமாம்சகர் கொள்கை. இதற்குச் சுவதப் பிராமாண்யம் என்று பெயர். அறிவின் மெய்ம்மை அதனின் வேறான ஒன்றால், சிறப்பாக அதை நம்பிச் செய்த செயல் பயன் தருவதால், நிறுவப்பட வேண்டும் என்பது நியாயநூலார் கொள்கை. இது பரதப் பிராமாண்யம். நூற்றாண்டுகளாக எதிரெதிர் நின்ற இவ்விரு கொள்கைகளும் இருப்புப்பாதையில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பச்சையைக் கண்ட லோகோ பைலட் மீமாம்சகராகத்தான் இருக்க முடியும்: ஒவ்வொரு பச்சைக்கும் சான்று கேட்டு இறங்கிப் போய்ப் பார்ப்பவரால் ரயிலை ஓட்ட இயலாது. அந்தச் சிக்னலை வடிவமைத்தவரும் பராமரிப்பவரும் நையாயிகராகவே இருந்தாக வேண்டும்: எதையும் தன்னளவில் மெய்யென்று கொள்ளாமல், ஒவ்வொரு கம்பியையும் சோதித்து, ஒவ்வொரு கருவியும் பொய்த்தால் என்னாகும் என்று முன்னரே கேட்டவர். முன்னவரின் நம்பிக்கை அறிவாவது பின்னவரின் ஐயத்தால்தான். என்ஜினுக்குள்ளும் இதன் சிறு வடிவம் உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் அதன் நிலையை ஒருவர்க்கொருவர் உரக்கச் சொல்ல வேண்டும். ஒருவர் கண் கொண்டதை மற்றவர் கண் சோதிக்கிறது.

அந்த ஐயம் ஓரிடத்தில் தளர்ந்தபோது நேர்ந்ததை 2023 ஜூன் 2ஆம் நாள் காட்டியது. ஒடிசாவின் பஹாநகா பஜார் நிலையத்தில் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் செல்லப் பச்சை கிடைத்தது. பாயிண்ட்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. ஏறத்தாழ 128 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற ரயில் அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியதில் 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். லெவல் கிராசிங் அருகிலிருந்த சிக்னல் அறையின் இணைப்புகளில் 2018இல் செய்யப்பட்ட மாற்றத்தில் நேர்ந்த குறைபாடும், விபத்து நாளில் நடந்த கேட் வேலையின் குறைபாடும் காரணம் என ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. குமாரிலர் ஓர் அறிவு பொய்யாவதற்கு இரண்டு வழிகளைச் சொன்னார்: அதை மறுக்கும் வேறோர் அறிவு தோன்றுவது ஒன்று, அது பிறந்த காரணத்தில் குற்றம் வெளிப்படுவது மற்றொன்று. பஹாநகாவில் காரணக்குற்றம் ஐந்தாண்டுகளாகக் கம்பிகளுக்குள் இருந்தது, வெளிப்படவில்லை. மறுக்கும் அறிவோ அந்த வேகத்தில் தோன்ற நேரமே இல்லை.

அதே ஆண்டு பிப்ரவரி 8 அன்று, ஓசூர் சேர்ந்திருக்கும் அதே தென்மேற்கு ரயில்வேயின் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸுக்கு உரிய தடத்தை விட்டுப் பாயிண்ட் வேறு தடத்துக்குத் திரும்பியிருந்ததை லோகோ பைலட் கண்டு ரயிலை நிறுத்திவிட்டார். அமைப்பில் கடுமையான குறை இருப்பதாக மறுநாளே அந்த ரயில்வேயின் இயக்கத்துறைத் தலைவர் எழுதி எச்சரித்தார். அங்கே கொடுக்கப்பட்ட உரையைக் காட்சி மறுத்தது. நூறு சுருதிகள் நெருப்பு குளிர்ச்சியானது என்று சொன்னாலும் அது பிரமாணமாகாது என்ற கருத்தைச் சங்கரர் தம் கீதை உரையில் ஒப்புக்கொண்டது இத்தகைய இடங்களுக்காகவே. உரை காட்சிக்கு எட்டாததைச் சொல்ல வந்தது. காட்சி எட்டிப் பிடித்த இடத்தில் அது விலகி வழிவிட வேண்டும். அந்த லோகோ பைலட் விதியை மீறியவர் அல்லர், விதியின் நோக்கத்தைக் காத்தவர்.

சமயத்தின் கேள்வி இதனால் எளிதாகிவிடவில்லை, ஆயினும் இடம் மாறுகிறது. ‘ஆகமத்தை நம்பலாமா’ என்று நம்புகிறவரை நோக்கி மட்டும் கேட்பது பாதிக் கேள்வியே. அருணந்தியார் உரையை அளவையாக வைத்தபோது அதைச் சொன்னவன் குற்றமற்றவன் என்பதை அடிப்படையாக வைத்தார். இறைவனிடம் காரணக்குற்றம் இல்லை என்று ஒருவர் ஏற்கலாம். ஆனால் அந்த உரை அடியாரிடம் வந்து சேரும் வழியில் ஏடெழுதியவர், உரைகண்டவர், மடத்தில் பாடஞ்சொன்னவர், மேடையில் விளக்கியவர் எனப் பல இணைப்புகள் உள்ளன. அவற்றுள் எதிலும் கம்பி மாறிப்போகலாம். அடியாரின் நம்பிக்கையைக் குருட்டுத்தனம் என்று பழிப்பவரும், ஐயத்தைப் பாவம் என்று தடுப்பவரும், இந்த இடைவழியைச் சோதிக்கும் கடமை யாருடையது என்று கேட்கத் தவறுகின்றனர். பச்சையை நம்பிய லோகோ பைலட்டிடம் குற்றமில்லை. சோதிக்க வேண்டியவர் சோதிக்காமல் கையெழுத்திட்ட நாளில்தான் குற்றம் நிகழ்கிறது, போதனையிலும் அப்படியே.

சோதனை முழுமையாக இருந்தாலும் சிக்னலின் பேச்சுக்கு எல்லையுண்டு. 2021 நவம்பர் 12 அதிகாலையில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே மலைச்சரிவிலிருந்து பாறைகள் உருண்டுவிழுந்து கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸின் பெட்டிகள் தடம்புரண்டன. நல்வாய்ப்பாக உயிரிழப்பு இல்லை. முன்னால் வேறு ரயில் இல்லை என்று சொல்லவே சிக்னலுக்குத் தகுதி உண்டு, பாறையைப் பற்றிப் பேச அதற்குத் தகுதி இல்லை. அதனால்தான் மழைக்காலத்தில் இத்தகைய சரிவுகளில் ரயில்வே ஆட்களை ரோந்து அனுப்புகிறது. பாறை விழுந்ததைக் காணும் டிராக்மேன் தண்டவாளத்தின்மேல் வெடிக்கும் பட்டாசு சிக்னல்களை வைத்துவிட்டு, சிவப்பு விளக்கைப் பிடித்தபடி ரயில் வரும் திசையில் ஓடுகிறார். நிலைய சிக்னல் பச்சை காட்டி அனுப்பியிருந்தாலும் இவர் கைவிளக்கைக் கண்டதும் லோகோ பைலட் நின்றாக வேண்டும். நியாய சூத்திரத்துக்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர், பொருளை நேரில் கண்டறிந்து, கண்டபடியே பிறருக்கு உணர்த்தும் விருப்பத்தோடு பேசுகிறவன் எவனோ அவனே ஆப்தன், அதாவது உரைக்குரிய நம்பத்தக்கோன் என்று கூறி, ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் இவ்விலக்கணம் பொதுவானது என்று சேர்த்தார். மழையில் நனைந்த அந்த டிராக்மேனுக்கு இவ்விலக்கணத்தில் ஒரு சொல்லும் குறையவில்லை.